கோபுரத்தின் உயரமும் யூனிட்டின் விலையும்

காற்றாலை என்றதும் சுழலும் இறக்கைகளே எவர் நினைவிலும் எழுகின்றன. அசையாமல் நிற்கும் கோபுரம் வெறும் தாங்குகாலாகவே எண்ணப்படுகிறது. ஆனால், அந்த எந்திரம் தன் வாழ்நாளில் தரப்போகும் ஒவ்வொரு யூனிட் மின்சாரமும் என்ன விலைக்கு அடங்கும் என்பதைத் தீர்மானிக்கும் முடிவுகளில், கோபுரத்தை எத்தனை மீட்டர் உயர்த்துவது என்பது முதல் வரிசையில் நிற்கிறது. உயர்த்தினால் காற்று கூடுகிறது, செலவும் கூடுகிறது. இரண்டில் எது முந்தும் என்பதை எந்திரத்தின் கையேட்டைப் பார்த்துச் சொல்ல இயலாது, கோபுரம் நிற்கப்போகும் மண்ணையும் அதன்மேல் ஆண்டு முழுவதும் வீசும் காற்றையும் பார்த்தே சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் பொருந்திய உயரம் புதுச்சேரிக் கரைக்குப் பொருந்தாது என்பதும், சோழமண்டலக் கரை தனக்குரிய கணக்கைத் தானே போட்டாக வேண்டிய இடம் என்பதும் இவ்வுரையின் மையக் கருத்து.

யூனிட்டின் விலை என்று இங்கே குறிக்கப்படுவது மின்கட்டணச் சீட்டில் அச்சாகும் தொகையன்று. எந்திரத்தை வாங்கி நிறுவும் முதலீடு, அதற்கான வட்டி, ஆண்டுதோறும் ஆகும் பராமரிப்பு ஆகிய எல்லாவற்றையும் கூட்டி, இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் அது உற்பத்தி செய்யும் யூனிட்டுகளால் வகுத்தால் கிடைப்பதே ஆயுட்காலச் செலவு எனப்படும். அனல்மின் நிலையம் நிலக்கரியை அன்றன்று வாங்கி எரிக்கிறது. காற்றாலையோ தன் வாழ்நாட் செலவின் பெரும்பகுதியை முதல் யூனிட் வெளிவருமுன்பே செலவழித்துவிடுகிறது. ஆகவே கோபுரத்தில் கூடும் ஒவ்வொரு டன் எஃகும் வட்டியோடு சேர்ந்து யூனிட்டின் தலையில் ஏறுகிறது. 2017 பிப்ரவரியில் இந்திய சூரிய எரிசக்திக் கழகம் நடத்திய முதல் காற்றாலை ஏலத்தில் யூனிட் 3.46 ரூபாய்க்கு வந்தது. அதே ஆண்டின் இறுதியில் குஜராத் ஏலத்தில் அது 2.43 ரூபாய்க்கு இறங்கியது. விலை இந்த அளவுக்கு நெருக்கப்பட்ட தொழிலில், கோபுரத்தின் உயரத்தால் நேரும் இரண்டு மூன்று விழுக்காட்டு வேறுபாடு, அதாவது யூனிட்டுக்கு ஆறேழு காசு, ஒரு திட்டத்தை நிறுத்தவும் நடத்தவும் போதுமானது.

தமிழ் காற்றைத் திசையால் பகுத்துப் பெயரிட்ட மொழி: கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை. உயரத்தால் காற்றைப் பிரித்துச் சொல்லும் தேவை பாய்மரத்துக்கும் நெல் தூற்றும் களத்துக்கும் இருந்ததில்லை. அத்தேவை மின்சாரத்தோடு வந்தது. அந்த வேறுபாட்டை எண்ணால் எடுத்துக்காட்டிய பழைய அளவீடுகளுள் ஒன்று, புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த காலத்தில், பாரிசில் நடந்தது. ஐஃபெல் கோபுரம் திறக்கப்பட்ட 1889ஆம் ஆண்டிலேயே அதன் உச்சியில், தரையிலிருந்து 300 மீட்டருக்குச் சற்று மேலே, காற்றுமானி ஒன்று பொருத்தப்பட்டது. அதன் பதிவுகளை, ஏறத்தாழ 21 மீட்டர் உயரத்தில் இருந்த வானிலை அலுவலகத்துக் காற்றுமானியின் பதிவுகளோடு வானிலையியலாளர் ஆல்ஃபிரட் ஆங்கோ ஒப்பிட்டபோது, உச்சியில் சராசரி வேகம் கீழே இருந்ததைப்போல் மும்மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. அதைவிட வியப்பானது மற்றொன்று: தரையருகே காற்று பகலில் வலுத்து இரவில் ஓய, உச்சியிலோ இரவில் வலுத்து முற்பகலில் தணிந்தது. இந்த இரண்டாம் செய்தி இன்று தமிழ்நாட்டு மின்கணக்கில் எவ்வளவு எடையுள்ளது என்பது பின்னர் விளங்கும்.

காரணம் எளிது. தரையோடு உரசும் காற்று, வீடு, மரம், வரப்பு, பயிர் என எதிர்ப்படும் ஒவ்வொன்றிடமும் தன் வேகத்தில் ஒரு பங்கை இழக்கிறது. மேலே செல்லச் செல்ல அந்த இழப்பின் பிடி தளர்கிறது. பொறியாளர்கள் இதை ஒரு சிறு விதியால் சொல்வர்: உயரம் எத்தனை மடங்காகிறதோ, அந்த மடங்கை ஓர் அடுக்கெண்ணுக்கு உயர்த்தினால் வேகத்தின் மடங்கு கிடைக்கும். இந்த அடுக்கெண்ணை உராய்வு அடுக்கெண் எனலாம். திறந்த கடல்மேல் அது 0.10 அளவில் இருக்கும். சமவெளிப் புல்தரையில் ஏழில் ஒரு பங்கு, அதாவது 0.14, தோப்பும் ஊரும் கலந்த நிலத்தில் 0.20 முதல் 0.30 வரை. கோபுரம் 50 மீட்டரிலிருந்து 100 மீட்டராக உயரும்போது, கடல்மேல் வேகம் 7 விழுக்காடும், தோப்பு நிலத்தில் 15 முதல் 23 விழுக்காடும் கூடும். காற்றில் அடங்கிய ஆற்றல் வேகத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், 15 விழுக்காடு வேகம் ஆற்றலில் ஏறக்குறைய 50 விழுக்காடாகப் பெருகும். எனினும் இந்த 50 விழுக்காடு முழுவதும் மின்சாரமாகக் கைக்கு வருவதில்லை. ஒவ்வொரு எந்திரத்துக்கும் ஓர் உச்சத் திறன் உண்டு. அதை எட்டிய பிறகு காற்று எவ்வளவு வலுத்தாலும் இறக்கைகள் தம்மைத் திருப்பிக்கொண்டு மிகுதியை வழியவிடும். விற்பனைத் துண்டறிக்கைகள் மூன்றாம் அடுக்கோடு நின்றுவிடுவது இத்துறையின் பழைய குறை. உண்மையான ஆண்டு உற்பத்தி, வேகத்தின் ஒன்றரை முதல் இரண்டாம் அடுக்குவரைதான் கூடும்.

இந்தியாவில் உயரத்தின் வரலாறு, அளவீட்டின் வரலாறாகவே தொடங்கியது. வானிலைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற அன்னா மாணி, நாட்டின் காற்றுப் பதிவுகளைத் தொகுத்து 1983இல் வெளியிட்ட நூலும், அதன்பின் அவர் முன்னின்று நடத்திய அளவைப் பணியும் இல்லாமல், எந்த ஊரில் கோபுரம் நடுவது என்ற கேள்விக்கே விடை இருந்திருக்காது. தூத்துக்குடியருகே முள்ளக்காட்டில் 1986இல் நிறுவப்பட்ட எந்திரங்கள் 55 கிலோவாட் அளவினவே. அக்காலக் கோபுரங்கள் தென்னையின் உயரத்தைச் சற்றே தாண்டியவை. பின்னர் சென்னைப் பள்ளிக்கரணையில் அமைந்த தேசியக் காற்றாற்றல் நிறுவனம் வெளியிட்டுவந்த மதிப்பீடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், உயரம் என்ற ஒன்றே ஒரு நாட்டின் வளத்தை எப்படி மாற்றி எழுதுகிறது என்பது புலனாகும். 50 மீட்டரில் 49 கிகாவாட் என்றிருந்த நாட்டின் காற்றாற்றல் வாய்ப்பு, 80 மீட்டரில் ஏறத்தாழ 103, 100 மீட்டரில் 302, 120 மீட்டரில் 695, 150 மீட்டரில் 1,164 கிகாவாட் என ஏறியது. நில இருப்பைக் கணக்கிட்ட முறை இடையில் மாறியதால் இந்த ஏற்றம் முழுவதையும் உயரத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது என்றாலும், முன்பு பயனற்றதென ஒதுக்கப்பட்ட சாதாரண நிலம் கோபுரம் உயர்ந்தபோது வரம்புக்குள் வந்தது என்பதே இதன் சாரம். புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு 100 மீட்டர் மதிப்பீடு தரும் அளவு ஏறக்குறைய 153 மெகாவாட். ஆரல்வாய்மொழிக் கணவாயிலுள்ள முப்பந்தல் காற்றாலைகளின் ஏறத்தாழ 1,500 மெகாவாட்டோடு ஒப்பிட்டால் இது சிறிதுதான். ஆனால், சொந்த மின் உற்பத்தி என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் காரைக்காலின் 32.5 மெகாவாட் எரிவாயு நிலையமாகவே இருந்துவந்த ஒரு பகுதிக்கு இது சிறியதன்று.

இனிச் செலவின் பக்கம். உருளைவடிவ எஃகுக் கோபுரம் என்பது தடித்த தகடுகளை உருட்டி, வளையங்களாகப் பற்றவைத்து, நான்கைந்து துண்டுகளாகக் கொண்டுவந்து, விளிம்புகளில் நூற்றுக்கணக்கான போல்ட்டுகளால் ஒன்றன்மேல் ஒன்றாக முடுக்கி நிறுத்தப்படும் குழாய். காற்று உச்சியில் தள்ளும் விசை, கோபுரத்தின் உயரத்தால் பெருக்கப்பட்டு, அடிவாரத்தில் வளைக்கும் விசையாக இறங்குகிறது. நெம்புகோலை எட்டிப் பிடித்தால் பாரம் எளிதாகப் புரளுவதும் இதே விதிப்படிதான். குழாயின் விட்டத்தை இரட்டித்தால், தகட்டின் தடிமன் மாறாமலேயே, வளைவைத் தாங்கும் வலிமை நான்மடங்காகும். எடையோ இருமடங்கு மட்டுமே. அகலமான கோபுரம் சிக்கனமானது என்பதில் ஐயமில்லை. ஆனால், அகலமான கோபுரம் சாலையில் வராது. டிரெய்லரின் படுகையும் சேர்ந்து மேம்பாலத்தின் அடியில் நுழைய வேண்டுமென்றால், குழாயின் விட்டம் 4.3 மீட்டரை ஒட்டி நின்றுவிடும். கோபுரத் துண்டு ஏற்றிய டிரெய்லர் ஒரு கிராமத்து முக்குச்சாலையில் திரும்பும் காட்சியில் இந்தக் கணக்கு முழுவதும் கண்முன் நிற்கும்: முன்னே ஒருவர் நீண்ட கழியால் தாழ்ந்த கம்பிகளைத் தூக்கிப் பிடிக்க, பின்சக்கரங்களைத் தனியே ஒருவர் திருப்ப, தேநீர்க்கடையின் கீற்றுச் சாய்ப்பு ஒரு சாண் இடைவெளியில் தப்புகிறது. அந்த ஒரு சாண்தான் தகட்டின் தடிமனை முடிவுசெய்கிறது. விட்டம் கூட வழியில்லாதபோது, 100 மீட்டர்க் கோபுரத்தை 140 மீட்டராக்கினால் அடிவாரத்தில் வளைவு விசை 40 விழுக்காடு கூடும். தகட்டின் தடிமனும் அந்த அளவுக்குக் கூட வேண்டும். நீளமும் 40 விழுக்காடு கூடுகிறது. ஆக, எஃகின் எடை ஏறக்குறைய இருமடங்காகிவிடும்.

எடையோடு இது நிற்பதில்லை. உயர்ந்த கோபுரம் நாணலைப்போல் மெதுவாக ஆடும். நிமிடத்துக்குப் பன்னிரண்டு முறை சுழலும் மூவிறக்கை எந்திரம், விநாடிக்கு 0.2 முறை ஒரு தாளத்தையும் 0.6 முறை மற்றொரு தாளத்தையும் கோபுரத்துக்குத் தட்டிக்கொடுக்கிறது. கோபுரத்தின் இயல்பான ஆட்டம் இவ்விரண்டில் எதோடும் ஒத்துப்போனால் அதிர்வு பெருகி உலோகம் களைத்துவிடும் என்பதால், வலிமைக்குப் போதுமான தகட்டுக்கும் மேலே, ஆட்டத்தைத் தள்ளிவைப்பதற்கென்றே எஃகு சேர்க்க வேண்டிவரும். அடுத்து கிரேன். நூறு டன்னை ஒட்டிய எந்திரப் பேழையை 140 மீட்டர் உயரத்தில் போல்ட் துளைகள் நேர்படும்படி இறக்கவல்ல கிரேன்கள் நாட்டில் மிகுதியில்லை. வந்தால் பல டிரெய்லர்களில் பிரித்துக் கொண்டுவரப்பட்டு, அடுக்கிப் பூட்டப்பட்டு, காற்றடங்கும் நேரத்துக்காகக் காத்திருக்கின்றன. சீசனில் காற்று வலுத்தால் கிரேன் சும்மா நிற்கும். வாடகை சும்மா நிற்காது.

இவ்விரு பக்கங்களையும் சேர்த்துப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு உதவும். இதன் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. 100 மீட்டர்க் கோபுரத்தில் நிற்கும் எந்திரத்தின் வாழ்நாட் செலவு 100 பங்கு என்றும், 140 மீட்டருக்கு உயர்த்தக் கோபுரம், அடித்தளம், கிரேன் எல்லாம் சேர்ந்து 9 பங்கு கூடுகிறது என்றும் கொள்ளலாம். உராய்வு அடுக்கெண் 0.20 உள்ள நிலத்தில் உற்பத்தி ஏறக்குறைய 12 விழுக்காடு கூடும்; 109ஐ 112ஆல் வகுத்தால் யூனிட்டின் செலவு 3 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். அடுக்கெண் 0.30 ஆனால் இறக்கம் 8 விழுக்காடு. அடுக்கெண் 0.10 மட்டும் உள்ள இடத்தில் உற்பத்தி 6 விழுக்காடுதான் கூடும். யூனிட்டின் செலவு குறைவதற்குப் பதிலாக ஏறக்குறைய 3 விழுக்காடு ஏறிவிடும். ஒரே எந்திரம், ஒரே கோபுரம், ஒரே கிரேன்; மண்ணின் மேற்பரப்பு மட்டும் மாறியதால் ஆதாயம் நட்டமாகிறது.

ஆரல்வாய்மொழியும் செங்கோட்டையும் பாலக்காடும் ஏன் குட்டைக் கோபுரங்களாலேயே முதலில் செழித்தன என்பதற்கு விடை இங்கே கிடைக்கிறது. மலையிடுக்கில் நெருக்குண்ட தென்மேற்குப் பருவக்காற்று, குழாய் வாயை விரலால் பாதி அடைத்ததும் நீர் பீறிடுவதைப்போல், தரையருகேயே விரைகிறது. மேலே ஏறுவதால் கிடைக்கும் கூடுதல் அங்கே குறைவு. அங்கிருக்கும் பழைய 225, 250 கிலோவாட் எந்திரங்களை அகற்றிப் புதியவற்றை நிறுவும் முயற்சியில் கோபுரம் உயர்வதற்கு முதன்மைக் காரணம் மேற்காற்றன்று. 120, 140 மீட்டர் விட்டமுள்ள இறக்கைகள் தரையைத் தொடாமல் சுழல இடம் வேண்டும் என்பதே. உயரத்தின் முழுப் பயனையும் அடைவது கணவாய்க்கு வெளியே, காற்று மிதமாகவும் தரை கரடாகவும் உள்ள நிலம்.

புதுச்சேரியைச் சூழ்ந்த நிலம் அத்தகையது. மரக்காணத்திலிருந்து கடலூர்வரை கடலோரம் முழுவதும் சவுக்குத் தோப்புகள். உள்ளே முந்திரியும் தென்னையும் கரும்பும். நகருக்கு வடக்கே செம்மண் மேட்டில் 1968க்குப் பின் ஆரோவில்லில் வளர்த்தெடுக்கப்பட்ட காடு, ஒருகாலத்தில் வெட்டவெளியாய் இருந்த மேட்டின் காற்றை மரத்தலைகளுக்கு மேலே தூக்கிவைத்திருக்கிறது. அங்கே நீரிறைக்கும் காற்றாலைகளின் கோபுரங்கள் மரங்களோடு போட்டியிட வேண்டியிருப்பதைச் சாலையில் போவோரும் காணலாம். சவுக்கின் இயல்பு இன்னும் நுட்பமான ஒரு சிக்கலைத் தருகிறது. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை தோப்பு முழுவதும் வெட்டப்பட்டு மீண்டும் நடப்படுவதால், ஒரே இடத்தின் உராய்வு அடுக்கெண் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. வெட்டிய ஆண்டில் அளந்தவருக்கு ஒரு விடையும், முற்றிய ஆண்டில் அளந்தவருக்கு மற்றொரு விடையும் கிடைக்கும். உயர்ந்த கோபுரம் இந்த ஏற்றத்தாழ்விலிருந்து இறக்கைகளை விடுவிக்கிறது என்பதும் அதன் மதிப்பில் சேரவேண்டியதே.

இரவின் மதிப்பும் அவ்வாறே. பகலில் சூடேறிய தரை காற்றைக் கலக்கிவிடுவதால் மேலும் கீழும் வேகம் ஏறக்குறைய ஒன்றாகிறது; பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும் கீழ்க்காற்று ஓய்ந்து, மேற்காற்று பிடியிலிருந்து நழுவியதுபோல் விரைகிறது. ஐஃபெல் கோபுரத்தின் உச்சியில் ஆங்கோ கண்டது இதுவே. உயர்ந்த கோபுரம் ஈட்டும் கூடுதல் யூனிட்டுகளில் பெரும்பங்கு இரவு யூனிட்டுகள். சூரியமின் பலகைகள் பகலை நிரப்பிவிட்ட இன்றைய நிலையில், மின்சாரத்துக்குத் தட்டுப்பாடு நேர்வது மாலை விளக்கு வைத்தபின்தான். எல்லா யூனிட்டுகளையும் ஒரே கூடையில் போட்டு வகுக்கும் ஆயுட்காலச் செலவுக் கணக்கு இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. அதனால் அது உயர்ந்த கோபுரத்தின் மதிப்பைக் குறைத்தே சொல்கிறது.

இவ்வளவும் உயரத்துக்குச் சார்பானவை. எதிராக நிற்பது ஒன்று, ஆனால் அது பெரியது: புயல். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறி, மணிக்கு 140 கிலோமீட்டரை எட்டிய காற்றால் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் அதே கரையைத் தேடி வந்தது. கட்டடங்கள் தாங்க வேண்டிய காற்றுக்கான இந்தியத் தரக்குறிப்பு, புதுச்சேரிக்கு விநாடிக்கு 50 மீட்டர் என்ற அடிப்படை வேகத்தையும், மதுரை போன்ற உள்பகுதிக்கு 39 மீட்டரையும் வகுத்திருக்கிறது. இது தரையிலிருந்து 10 மீட்டரில் ஐம்பதாண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கப்படும் வீச்சு. விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்ததால், இவ்விரு எண்களுக்கு இடையே விசையின் வேறுபாடு 64 விழுக்காடு. காற்றாலைகளுக்கான பன்னாட்டுத் தரக்குறிப்போ, சராசரிக் காற்று குறைந்த இடங்களுக்கான மூன்றாம் வகுப்பு எந்திரங்களை விநாடிக்கு 52.5 மீட்டர் வீச்சுவரை தாங்கினால் போதும் என்று வடிவமைக்கச் சொல்கிறது. 39 மீட்டர் வகுக்கப்பட்ட நிலத்தில் 100 மீட்டர் உயரத்தில் வீச்சு 47ஐ ஒட்டியிருக்கும். அந்த எந்திரம் அங்கே பாதுகாப்பானது. புதுச்சேரிக் கரையில் அதே உயரத்தில் வீச்சு 60ஐத் தொடக்கூடும். மிதமான காற்றுக்கென்று பெரிய இறக்கையும் மெல்லிய கோபுரமுமாக வடிவமைக்கப்பட்ட எந்திரத்தை, அது அறியாத புயலின் முன் நிறுத்துவதற்கு இது ஒப்பாகும்.

சோழமண்டலக் கரையின் இயல்பு இதில் அடங்கிவிடுகிறது. ஆண்டில் முந்நூற்றுச் சொச்ச நாள் வீசும் மென்காற்றில் எந்திரம் சம்பாதிக்கிறது. வாழ்நாளில் ஓரிரவு வரக்கூடிய புயலுக்காகக் கோபுரம் செலவழிக்கிறது. பன்னாட்டுத் தரக்குறிப்பின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பு வெப்பமண்டலப் புயற்பகுதிகளுக்கென்று ஒரு தனி வகுப்பைச் சேர்த்திருப்பது இத்தகைய கரைகளை எண்ணித்தான். அந்த வகுப்புக்கேற்ப தகடு தடித்தால், மேலே கண்ட எடுத்துக்காட்டின் 9 பங்கு 12, 13 என்று ஏறும், 0.20 அடுக்கெண் தந்த ஆதாயம் அத்தோடு தீர்ந்துபோகும், 0.30 இருந்தால் மட்டும் மீதம் இருக்கும். காரைக்காலில் இன்னொரு செலவும் சேரும். காவிரி வண்டலில் கோபுரத்தின் அடித்தளம் அகன்ற கான்கிரீட் வட்டத்தோடு நிற்காது. ஆழத்தில் உறுதியான படிவைத் தேடிக் குத்துத்தூண்கள் இறங்க வேண்டும். புதுச்சேரிக்கு வடக்கிலுள்ள செம்மண் மேட்டுக்கு அந்தச் செலவு இல்லை.

எஃகுக் குழாய்க்கு மாற்றுகள் இல்லாமலில்லை. மின்கம்பிக் கோபுரத்தைப்போல் கோணச்சட்டங்களால் பின்னிய அடிப்பகுதியின்மேல் குழாயை ஏற்றும் கலப்புக் கோபுரத்தை, சுஸ்லான் நிறுவனம் 2014இல் குஜராத்தின் கச்சு மாவட்டம் நானி பேரில் 120 மீட்டர் உயரத்தில் நிறுவியது. அடியை வேண்டிய அளவு அகலமாக்கலாம், சட்டங்கள் சாதாரண லாரியில் வந்துவிடும் என்பவை அதன் நன்மைகள். ஆயிரக்கணக்கான போல்ட்டுகளையும் இணைப்புகளையும் ஆண்டுதோறும் ஏறிப் பார்த்தாக வேண்டும் என்பது அதன் கடன். உப்புக்காற்று படும் கரையில் துத்தநாகப் பூச்சு எத்தனை ஆண்டு தாங்கும் என்பதைச் சேர்க்காமல் அதன் விலையைச் சொல்லக்கூடாது. ஜெர்மனியின் கைல்டார்ஃபில் 2017இல் நிறுவப்பட்ட எந்திரங்களில் ஒன்று 178 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அக்கோபுரங்களின் கீழ்ப்பகுதி கான்கிரீட். கான்கிரீட்டுக்குச் சாலை அகலம் தடையன்று, உப்பு முதல் எதிரியன்று, ஆட்டமும் குறைவு. கல்லும் கம்பியும் கட்டும் கைகளும் உள்ளூரில் கிடைக்கும் தமிழ்க் கரைக்கு, புயலையும் சேர்த்து எண்ணும்போது, எஃகுக் குழாயைவிடக் கான்கிரீட் அடியே பொருத்தமானது என்று கருத இடமிருக்கிறது.

எவ்வளவு உயரம் என்ற எண்ணை இப்போதே சொல்லிவிடும் ஆசையைத் தடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. புதுச்சேரிக் கடற்கரையில் 1979 முதல் ஒளிவீசும் புதிய கலங்கரை விளக்கம் 50 மீட்டரை ஒட்டிய உயரமுடையது. பேசப்படும் கோபுரங்கள் அதைப்போல் மும்மடங்கு. அந்த இடைப்பட்ட நூறு மீட்டரில் காற்று எப்படி ஏறுகிறது என்பதைக் கணினி மாதிரிகள் தோராயமாகவே சொல்லும். சவுக்கு முற்றியிருக்கிறதா வெட்டப்பட்டிருக்கிறதா என்பதை அவை அறியா. லேசர்க் கதிரை மேலே செலுத்தி 200 மீட்டர்வரை வேகத்தை அளக்கும் லைடார் கருவி ஒன்றைச் செம்மண் மேட்டிலும், மற்றொன்றைக் காரைக்கால் வயல்வெளியிலும், ஆடியின் இரவுகளும் கார்த்திகையின் புயல் நாள்களும் இருமுறையேனும் அடங்கும்படி இரண்டாண்டு நிறுத்திவைப்பதற்கு ஆகும் செலவு, ஒரே ஒரு கோபுரத்தின் எஃகு விலையில் ஒரு சிறு பகுதிதான்.